எஸ்டேட் கோயிலில் ஒரு வரி அதிகம்

கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக நாங்கள் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டியிருக்கிறது. வடகரப்பதியில் இருக்கும் என் வீட்டிலிருந்து காந்தலூர் போவதென்றால், காலையில் ஒரு செக் போஸ்டில் மாநிலத்தை விட்டு வெளியேறி, மத்தியானம் இன்னொரு செக் போஸ்டில் அதே மாநிலத்துக்குள் நுழைய வேண்டும். இதை நான் வெளிநாட்டுப் பயணம் என்பேன். என் மனைவி கிருபா, பிறந்த வீட்டுக்குப் போவது என்பாள். முப்பது வருஷமாக இந்த விஷயத்தில் எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை.

இந்தத் தடவை புறப்பட்டதற்குக் காரணம் நிஜமான வெளிநாட்டில் இருக்கிறது. எங்கள் மகள் நிலா அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்கிற கறுப்பின அம்மாள் ஒருவர் தன் சர்ச்சுக்கு, கிருபா வீட்டார் பேச்சில் கோயிலுக்கு, இவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பாட்டைக் கேட்டவள் அங்கேயே பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டாள். சாமி விஷயத்தில் அவள் என் பக்கமும் இல்லை, அம்மா பக்கமும் இல்லை. எங்கே பாட்டு இருக்கிறதோ அங்கே இருப்பாள்.

போன மாதம் ஒரு வீடியோ அனுப்பினாள். காஸ்பல் பாட்டு என்றால் பியானோவும் கைதட்டலும் நீள அங்கியும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் அவை எதுவும் இல்லை. ஒரு பெரியவர் எழுந்து நின்று, ஒரு வரியைப் பாதி பேச்சும் பாதி ராகமுமாகக் கடகடவென்று சொல்கிறார். சொன்னதும் கூட்டம் மொத்தமும் அந்த வரியை வாங்கி, இழுத்து, வளைத்து, அவசரமே இல்லாமல் பாடுகிறது. முடிந்ததும் அவர் அடுத்த வரி சொல்கிறார். பாஷை புரியாவிட்டாலும் என்னால் கைபேசியைக் கீழே வைக்க முடியவில்லை.

நிலா போனில் விளக்கினாள். காஸ்பல் என்றால் நல்ல சேதி. பியானோவெல்லாம் பிற்பாடு, ஜனங்கள் நகரங்களுக்குப் போனபோது வந்து சேர்ந்ததாம். வேர் இதுதான் என்றாள். அவர்கள் அடிமைகளாக இருந்த காலத்தில் பல ஊர்களில் அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பதே குற்றம். புத்தகம் கையில் இருந்தாலும் படிக்கத் தெரியாது. ஆகவே தெரிந்த ஒருவர் வரியைச் சொல்ல, மற்றவர்கள் காதால் வாங்கிப் பாடியிருக்கிறார்கள். வெள்ளைக்காரர்களின் கோயிலில் இருந்த பழக்கம்தானாம் அது. இவர்கள் வாயில் வந்ததும் வேறு பாட்டாகிவிட்டது.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த கிருபா கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். “இது எங்கப்பா பண்றதில்ல?” என்றாள்.

என் மாமனார் இடுக்கியில், காந்தலூருக்குப் பக்கத்தில், ஒரு தேயிலை எஸ்டேட் பேக்டரியில் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்டேட் கோயிலில் அடி சொல்வார். இலை பறிக்க வந்த ஜனங்களுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்காத காலம் அது. பாட்டுப் புத்தகம் படிக்கத் தெரிந்தவர் அவரும் இன்னொருவரும்தான். அவர் ஒரு வரி எடுத்துக் கொடுப்பார், கோயிலே திருப்பிப் பாடும். அமெரிக்காவில் நடந்த கொடுமையும் நம் எஸ்டேட் கஷ்டமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எழுத்து கைக்கு எட்டாத இடத்தில் காது என்ன செய்யும் என்பது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்திருக்கிறது.

கிருபாவிடம் அப்பா கொடுத்த பாட்டு ஒன்று உண்டு. ‘பனிமலையில் விளக்கேற்றி நின்றவரே, எங்கள் பாதையெல்லாம் துணையாக வந்தவரே’ என்று தொடங்கும். கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைப்பாகவே மூன்று சரணம் போகும். மூன்றாவதன் கடைசியில் ‘கைவிடாமல் காத்திடுவீர் கருணை நாதா’ என்று முடித்த கையோடு, ‘வாசல்ல நனையிறவங்க உள்ள வாங்க, எடம் இருக்கு’ என்று ஒரு வரி வரும். கல்யாணமான புதிதில், “எழுதினவர் பாதியில மழை வந்து எந்திரிச்சுப் போயிட்டாரா?” என்று கேலி செய்வேன். “ஏன், கர்த்தருக்குப் பேச்சுத் தமிழ் தெரியாதா?” என்பாள். தினமும் விடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு அவள் அதைப் பாடுவாள். எனக்கு அது கடிகாரம் மாதிரி பழகிவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பொள்ளாச்சியில் ஓர் உறவுக் கல்யாணம். மண்டபத்தில் கிருபாவைப் பாடச் சொன்னார்கள். எல்லார் கையிலும் பாட்டு அச்சடித்த தாள். அவள் கண்ணை மூடிப் பாடுகிறாள், கூட்டமும் சேர்ந்து பாடுகிறது. மூன்றாம் சரணம் முடிந்ததும் கூட்டம் நின்றுவிட்டது. அவள் மட்டும் தனியாக ‘வாசல்ல நனையிறவங்க’ என்று போய்க்கொண்டிருந்தாள். நான் முப்பத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். தப்பைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. மூன்றாவது வரிசையிலிருந்து, “அந்த வரி இதுல இல்லையே” என்று சத்தமாகச் சொன்னேன். மண்டபமே சிரித்தது. அதில் என் சிரிப்பும் இருந்தது.

அன்றோடு அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள். சண்டை இல்லை, முகம் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. காலையில் மிக்சி சத்தம் கேட்கும், குக்கர் சத்தம் கேட்கும், பாட்டு மட்டும் கேட்காது. மூன்று வருஷமாக அந்த வீட்டில் விடிவது எனக்குப் பிடிக்கவே இல்லை.

இப்போது நிலாவின் குழுத் தலைவி, ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ப் பாட்டு ஒன்றைக் கொண்டு வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நிலா தாத்தாவின் பாட்டைக் கேட்டாள். அம்மா பாடிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். கிருபா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: “எங்கப்பா பாடினது சரிதான்னு மலையில யாராவது சொல்லட்டும். அப்புறம் பாடறேன். இல்லாட்டி அந்தப் பாட்டு இனி இல்ல.”

அதைக் கேட்டதும் பையை எடுத்து வைத்தவன் நான்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பினோம். மதியத்துக்குத் தக்காளி சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டியிருந்தாள். உடுமலைப்பேட்டை தாண்டும்வரை கிருபா எங்கள் ஊர்க்காரியாகவே இருந்தாள். “ஏனுங்க, கொடைய எடுத்தீங்களா?” என்று கேட்டாள். காடு தொடங்கி, மலை ஏற ஏற அவள் பேச்சு மாறும். அவளுடைய தாத்தாக்கள் திருநெல்வேலியிலிருந்து மலை ஏறியவர்கள். நாலாவது வளைவில் ‘ங்க’ உதிரும், ஏழாவதில் ‘என்ன செய்யுத?’ வந்துவிடும். மறையூர் வரும்போது பக்கத்தில் இருப்பது என் மனைவிதானா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

எதிர் சீட்டில் மறையூர்க்கார அம்மாள் ஒருத்தி. எங்களுக்குப் பலாக்காய் வறுவல் கொடுத்துவிட்டு, எங்கே பயணம் என்று விசாரித்தாள்.

“ஒரு பாட்டு சரியா தப்பான்னு கேக்கப் போறோம்” என்றாள் கிருபா.

அந்த அம்மாளுக்கு ஆச்சரியமே இல்லை. “கேட்டுருங்க. எங்க தெருவுல சாமிக்குப் பேரு என்னங்கிறதுலயே ரெண்டு வருசமாச் சண்ட நடக்கு” என்றாள்.

சின்னாறு செக் போஸ்டைத் தாண்டிச் சிறிது தூரத்தில் பஸ் இருமியது. ரேடியேட்டரிலிருந்து புகை. கண்டக்டர் ஒவ்வொரு சீட்டாக வந்து மலையாளத்தில், குடித்தது போக மிச்சத் தண்ணீர் இருந்தால் கொடுங்கள், வண்டிக்கும் தாகம் எடுக்கிறது என்றார். எல்லாரும் பாட்டிலை நீட்டினோம். எர்ணாகுளத்திலிருந்து தேனிலவுக்கு வந்த ஜோடி மட்டும் யோசித்தது. கணவன், அப்புறம் நமக்குத் தாகம் எடுத்தால் என்ன செய்வது என்று கேட்க, மனைவி அவன் பாட்டிலையும் சேர்த்துப் பிடுங்கிக் கொடுத்துவிட்டாள். அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த அரை மணியில் எங்கள் ஊரில் ஒரு தோப்புக்கே தண்ணீர் பாய்ச்சிவிடலாம். கடைசியில் அந்த வழியாக வந்த ஜீப்பில் ஏறிக்கொண்டோம். பை வந்தது, சாப்பாட்டுத் தூக்கு வந்தது. சீட்டுக் கம்பியில் மாட்டியிருந்த குடை பஸ்ஸோடு நின்றுவிட்டது.

“கொடை எங்க?” என்று கிருபா கேட்டபோது ஜீப் காந்தலூரில் நின்றிருந்தது. நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் இருந்தது.

தங்கியது தங்கராஜ் அண்ணன் வீட்டில். கிருபாவுக்கு அத்தை மகன், அவளுடைய அத்தான். மாமனார் அடி சொன்ன காலத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டோலக் வாசித்தவர். எஸ்டேட்டில் ரிட்டயர் ஆனதும் இங்கே கொஞ்சம் நிலம் வாங்கிப் பூண்டும் கேரட்டும் போடுகிறார். அவர் மனைவி எஸ்தரக்கா பேசுவதைவிடப் பரிமாறுவது அதிகம்.

சனிக்கிழமை காலையில் குளிர் எலும்பு வரைக்கும் போனது. எங்கள் பக்கம் கார்த்திகை மாதத்திலும் மின்விசிறி போடுகிறோம். இங்கே அண்ணன் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, பால் இல்லாத கட்டன் டீயை டம்ளர் டம்ளராகக் கொடுத்தார். கடிப்பதற்கு மறையூர் வெல்லம். பிறகு வேகவைத்த கப்பைக் கிழங்கும் மீன் கறியும் வந்தன. மீன் குழம்பில் மீனைவிடப் பூண்டு அதிகம். நான் மூன்று தடவை வாங்கிக்கொண்டேன். தென்னந்தோப்புக்காரன் வீட்டில் தேங்காய் இல்லாமல் எதுவும் வேகாது. தேங்காயே போடாமல் ஒரு குழம்புக்கு இவ்வளவு ருசி வருமா என்று நான் அதிசயப்பட்டதில், எஸ்தரக்கா முதல் தடவையாகச் சிரித்தார்.

பாட்டைப் பற்றிக் கிருபா கேட்கவில்லை. காலை முழுவதும் முற்றத்தில் உட்கார்ந்து பூண்டு பிரித்துக்கொண்டிருந்தாள். பெரிசு ஒரு பக்கம், சிறிசு ஒரு பக்கம். இரண்டு தடவை அத்தானைப் பார்த்து வாயைத் திறந்து, மழையைப் பற்றியும் பன்றி வந்து கேரட்டைத் தோண்டுவதைப் பற்றியும் கேட்டாள். பதில் தப்பாக வந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு. எனக்கும்தான்.

பதினோரு மணிக்கு மேல் நான் பொறுக்க முடியாமல் ஆரம்பித்தேன். “ஏனுங்ண்ணா, மாமாவோட பாட்டுல ‘வாசல்ல நனையிறவங்க’ன்னு வருதுங்களே, அது நெசமாவே பாட்டுல இருக்குதுங்களா?”

அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு எஸ்தரக்காவைப் பார்த்தார். எஸ்தரக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள் என்று புரிய எனக்குச் சிறிது நேரம் ஆனது.

“அது பாட்டு இல்ல புள்ள” என்று அண்ணன் கிருபாவிடம் சொன்னார். “அன்னைக்கு மழ பெஞ்சுது.”

கிருபாவின் கை பூண்டில் நின்றது.

“அந்த வருசம் கீழ்நாட்டுல இருந்து புதுசா ஆள் எடுத்தாங்க. நீ அப்பப் பொறக்கல. ஞாயித்துக்கிழம, கோயில்ல பாட்டு நடக்கு. மாமா மூணாவது சரணம் சொல்லிட்டிருக்காரு. சடசடன்னு மழ. புது ஆளுங்க பத்துப் பேரு ஓடியாந்து கோயில் வாசல்ல ஒதுங்கி நின்னாங்க. நம்ம கோயில் இல்லியேன்னு உள்ள வரத் தயக்கம். சாரல்ல நனையிறாங்க. பாட்ட நிறுத்தவா முடியும்? மாமா அதே ராகத்துல, ‘வாசல்ல நனையிறவங்க உள்ள வாங்க, எடம் இருக்கு’ன்னு சொன்னாரு.”

“சொன்னதும்?” என்றேன்.

“சொன்னதும் என்ன? அடி சொன்னா திருப்பிப் பாடணும். கோயில் மொத்தமும் பாடிட்டு. நான் டோலக்ல, பாட்டு முடிவுக்குத் தட்டுற தீர்மானமே வச்சிட்டேன்.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். படிக்கத் தெரிந்தவர்கள் கூட்டத்தில் இந்தத் தப்பு நடக்க வழியே இல்லை. தாளைப் பார்த்து நிறுத்தியிருப்பார்கள், பொள்ளாச்சியில் நிறுத்தியது மாதிரி.

“அடுத்த ஞாயிறு அதே பாட்டு” என்று அண்ணன் தொடர்ந்தார். “மாமா அந்த வரியச் சொல்லவே இல்ல. ஆனா சரணம் முடிஞ்சதும் சனங்களாப் பாடிட்டாங்க. தப்புன்னு சொல்லிருங்க மாமான்னு நான் சொன்னேன். ‘எப்படிடே சொல்ல? இது பாட்டுல இல்லன்னு நான் சொன்னா அதையும் சேத்துப் பாடிருவாங்களே’ன்னாரு. அப்படியே விட்டுட்டாரு.”

கிருபா சிரிக்கவில்லை. “அப்ப நான் இத்தன வருசமும் தப்பாத்தான் பாடிருக்கேன்” என்றாள். குரல் மெதுவாக இருந்தது. தோற்றுப்போனவளின் குரல் அது. நான் போட்ட கேள்வி, நான் போட்ட முடிச்சு. நானும் ஒரு பூண்டை எடுத்துப் பிரிக்கத் தொடங்கினேன்.

அப்போது எஸ்தரக்கா வந்து அவளருகில் உட்கார்ந்தார். “அன்னைக்கு வாசல்ல நனஞ்சது யாருன்னு நெனைக்க? நானும் எங்கம்மாவும்தான். எனக்குப் பன்னெண்டு வயசு. யாரையும் தெரியாது, ஊரும் தெரியாது. உள்ள கூப்புடுறாங்களா வெரட்டுறாங்களான்னு நிக்கோம். ஒரு ஆளு கூப்புட்டாருன்னா வந்திருக்க மாட்டோம். கோயில் பூராவும் பாடிக் கூப்புட்டுது. எங்கம்மா என் கையப் புடிச்சிட்டு உள்ள நடந்தா.” கொஞ்சம் நிறுத்தி, டோலக் வாசித்தவரைக் கண்ணால் காட்டினார். “உள்ள வந்ததுல இந்த ஆளும் மாட்டினாரு.”

கிருபா அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். ஆனால் பாடுவாளா என்று கேட்டதற்கு, மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். “அது அப்பா மழைக்குச் சொன்னது அக்கா. நிலாவோட ஆளுங்க பாட்டக் கேட்டாங்க. பாட்டுல இல்லாதத எப்படி அனுப்ப?” வாத்தியார் பெண்டாட்டி என்பதை அன்றைக்குத்தான் நிரூபித்தாள்.

சாயங்காலம் நான் தனியாகக் கேரட் தோட்டத்து வரப்பில் நடந்தேன். என் மனதில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு என் அப்பா ஒரே நிபந்தனைதான் வைத்தார்: மருமகள் எந்தச் சாமியை வேண்டுமானாலும் கும்பிடட்டும், பையன் மட்டும் அந்தக் கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. அப்பா போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. நிபந்தனை மட்டும் என் காலிலேயே தங்கிவிட்டது. மாமனார் இருந்தவரை, ஊருக்கு வரும்போதெல்லாம் கிருபா உள்ளே போவாள், நான் வெளியே மரத்தடியில் நின்று கேட்பேன். அந்த வரி வரும்போது மாமனார் ஜன்னல் வழியாக என்னைப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் பார்ப்பார். செருப்பெல்லாம் பத்திரமா என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, பத்திரம் என்று தலையாட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவேன்.

அந்த மனிதர் இத்தனை வருஷம் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் கோயிலில், விளைந்ததைக் காணிக்கை வைக்கும் அறுப்புப் பண்டிகை. காந்தலூரிலிருந்து ஜீப்பில் பதினான்கு பேர், இரண்டு மூட்டை முட்டைக்கோஸ், ஒரு வாழைத்தார். நான் ஒரு காலைப் படியிலும் இன்னொரு காலை யாருடைய காலின் மேலோ வைத்துக்கொண்டு போனேன். அந்தக் காலுக்குரியவர், “நல்லா ஊனிக்கோங்க, வளைவு வருது” என்றார். எங்கள் ஊர் பஸ்ஸில் இதற்கு ஒரு சண்டை நடந்திருக்கும்.

கோயில் சின்னது. தகரக் கூரை, வெள்ளையடித்த சுவர், வாசலில் வாழைமரம். உள்ளே பூண்டும் பீன்ஸும் ஆரஞ்சும் குவித்திருந்தார்கள். இப்போது எல்லார் கையிலும் பாட்டுப் புத்தகம் இருக்கிறது, படிக்கத் தெரியாதவர் யாருமில்லை. ஆனாலும் மாமனார் பாட்டுக்கு மட்டும் இன்னும் ஒருவர் அடி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பாட்டு ஏறாது என்றார் அண்ணன். பாஸ்டர் இளைஞர். வந்த புதிதில் அந்த வரியைப் புத்தகத்தில் தேடினாராம், கிடைக்காமல் பென்சிலால் தானே எழுதி வைத்துக்கொண்டாராம்.

ஒருவேளை கிருபா மனசு மாறினால் உதவும் என்று, கைபேசியைப் பதிவில் போட்டு ஜன்னல் கட்டையில் வைத்தேன். பிறகு வழக்கம்போல மரத்தடிக்குப் போனேன். கல்யாணமான நாளிலிருந்து நான் நின்ற அதே சில்வர் ஓக். டீக்கடை பூட்டியிருந்தது. கடைக்காரர் உள்ளே பாடிக்கொண்டிருந்தார்.

அண்ணன் டோலக்கைத் தட்டினார். “இன்னைக்கு மாமா மக அடி சொல்லுவா” என்று அவர் சொல்வது கேட்டது. சத்தம் இல்லை. எஸ்தரக்கா ஏதோ சொல்கிறார். பிறகு மூன்று வருஷமாக நான் கேட்காத குரல் கேட்டது. ‘பனிமலையில் விளக்கேற்றி நின்றவரே.’ கோயில் அதை வாங்கிக்கொண்டது. நிலாவின் வீடியோவில் கேட்ட அதே இழுப்பு, அதே நிதானம். பாஷைதான் வேறு.

இரண்டாவது சரணத்தில் தூறல் விழுந்தது. மூன்றாவதில் மழையே வந்துவிட்டது. குடை எந்தப் பஸ்ஸில் ஊர் சுற்றிக்கொண்டிருந்ததோ. ஓடிப்போய்க் கோயில் கூரை ஓரத்தில் ஒதுங்கினேன். தகரத்திலிருந்து தண்ணீர் நேராக என் தோளில் கொட்டியது.

‘கைவிடாமல் காத்திடுவீர் கருணை நாதா.’ சரணம் முடிந்தது. அடுத்த வரியைக் கிருபா சொல்லவில்லை. சனங்கள் தாமாகவும் பாடவில்லை, அடி சொல்கிறவளுக்காகக் காத்திருந்தார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அவள் நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா பார்த்த மாதிரியே இருந்தது.

‘வாசல்ல நனையிறவங்க உள்ள வாங்க, எடம் இருக்கு’ என்றாள்.

கோயில் பாடியது. நான் வழக்கம்போலத் தலையாட்டிச் சிரித்தேன்.

கிருபா பாட்டை அதோடு முடிக்கவில்லை. மறுபடி அதையே சொன்னாள். சொன்னால் பாட வேண்டும், கோயில் மறுபடி பாடியது. மூன்றாம் தடவை சொன்னாள். முன்வரிசையில் ஓரிருவர் திரும்பிப் பார்த்தார்கள், ஆனாலும் பாட்டை விடவில்லை. நான்காம் தடவை அண்ணன் டோலக்கை வேகப்படுத்தினார். ஐந்தாவதில் கைதட்டல் சேர்ந்தது. அவள் நிறுத்தப் போவதில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷமாக ஒரு தடவைகூட வாய் திறந்து என்னை வா என்று கூப்பிடாதவள், நூறு பேர் குரலை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆறாவது தடவையில் செருப்பைக் கழற்றினேன்.

உள்ளே போனதும் எங்கே உட்காருவதென்று தெரியவில்லை. ஜீப்பில் நான் காலை மிதித்த ஆள் நகர்ந்து உட்கார்ந்து பாயைத் தட்டிக் காட்டினார். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட உட்கார்ந்தேன். ஏழாவது தடவை அந்த வரியை நானும் பாடினேன். ராகம் தெரியும், முப்பது வருஷம் கேட்டதாயிற்றே. முடிந்ததும் கிருபா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னாள். எஸ்தரக்கா என்னைப் பார்த்துப் பெரிதாகத் தலையசைத்தார்.

திங்கட்கிழமை திரும்பும்போது அதே பஸ், அதே கண்டக்டர். எங்களைப் பார்த்ததும் சீட்டுக்கு அடியிலிருந்து குடையை எடுத்துக் கொடுத்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. இறக்கத்தில் வளைவுக்கு வளைவு கிருபாவின் பேச்சில் ‘ங்க’ ஒன்றொன்றாகத் திரும்பி வந்தது.

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது அடுப்படியில் பாட்டு கேட்டது. நான் எழுந்திருக்காமல் படுத்தபடியே முழுதும் கேட்டேன்.

அந்த வாரக் கடைசியில் நிலா கூப்பிட்டாள். பதிவு எல்லாருக்கும் ரொம்பப் பிடித்துப்போய்விட்டதாம். பாட்டின் அர்த்தத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், அந்த வரி வந்த கதையையும் சொல்லியிருக்கிறாள். வீடியோவில் அடி சொன்ன அந்தப் பெரியவர், இதைப் போய் ஏன் தப்பு என்கிறீர்கள் என்று கேட்டாராம்.

“ஒரே ஒரு சந்தேகம்மா. அந்த வரிய நீ ஏழு தடவ பாடியிருக்கே. எங்க லீடர் கேக்கறாங்க, நாங்களும் ஏழு தடவதான் பாடணுமா?”

கிருபா தோசையைத் திருப்பிப் போட்டாள். சட்டினி அரைத்துக்கொண்டிருந்த என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“அதெல்லாம் கணக்கு இல்ல கண்ணு. வெளிய நிக்கிற ஆளு உள்ள வர்ற வரைக்கும் பாடச் சொல்லு.”